கதவுக்கு உள்ளேயும் கேட்கும்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, "அப்பாவே மாமாவ மன்னிச்சிட்டாரு, நீயும் பழச வுடேன். மாமா வந்து பட்டம் கட்டலன்னா நான் மேடை ஏற மாட்டேன், சொல்ட்டேன்" என்று வாசலில் நின்று கத்தினாயே, அது பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுந்து, மறுநாள் குழாயடியில் அவள் என்னிடம் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தாள். நீ என்னவோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். நேரில் பேசினால் நீ பாதியில் எழுந்து போகிறாய். நானோ பாதியில் அழத் தொடங்கிவிடுகிறேன். அழுதால் எனக்குக் கோபம் குறைந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் அது குறையக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி. உன் அப்பாவிடம் மட்டும் காட்டாதே. ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

உனக்கு மாமன் மேல் உயிர். அதை நான் குறை சொல்லவில்லை. பத்தாவது பாஸானதும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பொங்கலுக்குப் பொங்கல் துணி எடுத்துக் கொடுத்தான். ஆவடியில் கண்ணாடி போட்ட பெரிய கடை, வாசலில் வரிசையாகக் கார், உள்ளே போனால் "மருமவனே, இன்னா சாப்பிடற?" என்று கேட்கும் மாமன். யாருக்குத்தான் பிடிக்காது? அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் தொழில் போட்டி, அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நம் பக்கம் தாய்மாமன் தங்கத் தகட்டுப் பட்டத்தை நெற்றியில் கட்டிவிட்ட பிறகுதான் மாப்பிள்ளை மணவறையில் உட்காருவான். அந்த மரியாதையை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான். அது எப்படிப் பற்றிக்கொண்டது என்று சொல்கிறேன்.

நீ அரை டவுசர் போட்டுத் திரிந்த காலம். பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டி நம் ஷெட். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் நாம் குடியிருந்த ஓர் அறை. உன் அப்பா காருக்கு சீட் கவர் தைப்பார். அவர் தையல் விழுந்த ரெக்ஸின் சுருங்காது என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்துகூட வண்டிகள் வரும். அப்போதுதான் அந்தச் சின்னக் கார் புதிதாக ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. அதுவரை ஜனங்கள் பார்த்ததெல்லாம் பெரிய கனத்த கார். கதவைச் சாத்தினால் "தும்" என்று மூடும். சின்னக் காரின் கதவோ மெல்லிய தகடு, சாத்தினால் "டங்" என்று அதிரும். பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்குமாம், குண்டு குழியில் நன்றாக ஓடுமாம், எல்லாம் சரி. ஆனால் நம் ஆட்கள் வண்டியை எடை போடுவது கதவுச் சத்தத்தை வைத்துத்தானே! ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு அந்தக் காரை வாங்கி மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கதவைத் திறந்து ஒரு தடவை சாத்திப் பார்த்துவிட்டு, "இன்னா சம்மந்தி, தகர டப்பாவுக்கு மாலை போட்டு வச்சிகீறீங்க?" என்று கேட்டுவிட்டாள். பெண்ணின் அப்பா மறுநாளே வண்டியை ஓட்டிக்கொண்டு நம் ஷெட்டுக்கு வந்து, "எப்படியாவது இந்தச் சத்தத்தை அடக்கிக் கொடுப்பா" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்தார்.

அந்தக் கதவோடுதான் நான் தொழிலுக்கு வந்தேன். கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினால் உள் தகட்டில் சில துளைகள் இருக்கும். அதற்குள் கையை விட்டு, வெளித் தகட்டின் முதுகில் தார் ஷீட்டைச் சூடு பண்ணி ஒட்ட வேண்டும். உன் அப்பாவின் கை முழங்கைக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டது. இழுத்ததில் தோல் உரிந்து ரத்தம். "தள்ளு" என்று சொல்லிவிட்டு, வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நான் கையை விட்டேன். பாம்பு மாதிரி போய்விட்டது. அன்றிலிருந்து கதவு வேலை என்னுடையது. ரோட்டில் போகிற பஸ்காரன் எல்லாம் தலையை நீட்டி வேடிக்கை பார்ப்பான். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும், ஈரம் போகக் காயவைக்கணும், ஷீட்டை வாட்டி, குமிழ் இல்லாமல் அழுத்தணும். கதவு முழுக்க ஒட்டத் தேவையில்லை. நடுவில் இரண்டு கை அகலம் ஒட்டினால் போதும், தகட்டின் அதிர்வு செத்துப்போகும். விரல் முட்டியால் தட்டினால் "டங்" போய் "தொப்" வரும். இதில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. மழை பெய்தால் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியே போகக் கதவின் அடியில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அதை அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே அழுகும்.

இதையெல்லாம் உன் மாமனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மீசை முளைத்து வேலை வெட்டி இல்லாமல் சினிமாக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தவனை, "டேய் சேகரு, வந்து ஒரு தொழிலைக் கத்துக்கோ" என்று நானேதான் கூப்பிட்டேன். உன் அப்பா அவனுக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். தன் தட்டுச் சோற்றில் மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைப்பார். மச்சான் மச்சான் என்று வாய் ஓயாது. சேகருக்கும் கை ஒல்லி, வேலை சீக்கிரம் படிந்தது. ஆனால் அவனுக்கு "தொப்" போதவில்லை. "எக்கா, கஸ்டமரு இன்னா கேக்கறான்? 'தும்'னு மூடணும்ன்றான். நீ தட்டிப் பாத்துகினு உக்காந்துகீற" என்பான். கதவு கனத்தால்தான் "தும்" வரும். அதற்கு அவன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். மிச்சமான தாரை உருக்கிக் கதவின் அடியில் ஊற்றிவிடுவது. பழைய சாக்கைச் சுருட்டி உள்ளே திணித்துவிடுவது. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தேன். "தண்ணி எப்டிடா போவும்?" என்று கேட்டதற்கு, "மழையே பேய்லியே எக்கா" என்று சிரித்தான்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி முதலாளி தன் ஆபீசர்களுக்கென்று ஒரே மாதிரி சின்னக் கார்களாக வாங்கி, எல்லாவற்றையும் நம்மிடம் அனுப்பினார். அந்தச் சமயம் பார்த்து உனக்கு அம்மை போட்டது. வேப்பிலை செருகிய அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. உன் அப்பா சீட் வேலையிலும் ரெக்ஸின் வாங்க அலைவதிலும் இருந்தார். கதவு வேலை மொத்தமும் சேகர் பார்த்தான். முதலாளி வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்த்தார். "தும்", "தும்". அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு உள்ளே படுத்திருந்தபடியே அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ கனமாகக் கேட்கிறதே என்று நினைத்தேன். உன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஐப்பசி அடைமழை விட்ட மறுவாரம் அந்தக் கார்கள் எல்லாம் வரிசையாக நம் ஷெட் வாசலில் வந்து நின்றன. கதவுகளின் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் நனைந்த சாக்கு நாற்றம். முதலாளி இறங்கினார். கூட வந்த மெக்கானிக் கதவின் அடியில் திருப்புளியால் குத்தி அந்தத் தார் கட்டியைப் பெயர்த்தான். துருத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது, ரத்தம் மாதிரி. முதலாளி உன் அப்பாவைப் பார்த்து, "கையில பிடிய்யா. உன் வேலைதானே இது? பிடிச்சுப் பாரு" என்றார். டிரங்க் ரோட்டில், பஸ்கள் நின்று போகிற இடத்தில், உன் அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தி அந்தத் தண்ணீரைப் பிடித்தார். வெள்ளைச் சட்டைக் கை முழுக்கச் சிவந்துபோனது. பஸ்ஸில் எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

சேகர் அங்கேதான் நின்றான். முதலாளி அவன் பக்கம் திரும்பி, "நீயும் இங்கதானே வேலை பாக்கறே?" என்று கேட்டார். உன் மாமன், உன் ஆசை மாமன், என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு இன்னா சார் தெரியும்? மாமாதான் இப்டி பண்ணச் சொன்னாரு. நான் சாமான் எடுத்துக் குடுத்துகினு இருந்தேன், அவ்ளோதான்." நான் அப்படியே பாய்ந்து வந்தேன். வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா என் பக்கம் திரும்பி, "உள்ள போமே" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. போய்விட்டேன். பிறகு கேட்டபோது, "அவனுக்கு இனிமேதான் கல்யாணம் காச்சின்னு கீது. இப்பவே பேரு கெட்டா எவன் பொண்ணு குடுப்பான்? என் பேரு போனா போவட்டும் வுடு" என்றார். அவர் சுபாவம் அது. அவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அன்று அவரை உலுக்கிக் கேட்கலாமா என்று இருந்தது.

பேர் போனது போனதுதான். ஷெட் பக்கம் ஒரு வண்டி திரும்பவில்லை. தையல் மிஷினைத் துணி போட்டு மூடினோம், பிறகு அதையும் தூக்கிக் கொடுத்தோம். நெமிலிச்சேரிக்குக் குடி வந்தோம். உன் அப்பா பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். நீ எட்டாவதில் எழுதிய கட்டுரையில் "என் தந்தை காவலர்" என்று பெருமையாக எழுதியிருந்தாய். அவர் அதைப் படித்துவிட்டு உன் தலையைத் தடவினார், ஞாபகம் இருக்கிறதா? இதற்குள் சேகர் ஆவடியில் கடை போட்டான். துளையை அடைக்காமல் வேலை செய்ய இப்போது கற்றுக்கொண்டிருந்தான். அடுத்தவன் பேரைக் கெடுத்துக் கற்ற பாடம். கல்யாணம் ஆனது, கார் வாங்கினான், வயிறும் வளர்ந்தது.

இதுவரை நடந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், நீ சொல்வது போல நானும் ஒரு நாள் விட்டிருப்பேனோ என்னவோ. பயந்த பையன், முதலாளி முன்னால் நாக்கு புரண்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் விடமாட்டேன். அப்பா வாட்ச்மேன் வேலை பார்த்த கம்பெனி ஆபீசர்களின் கார் வேலை சேகருக்குக் கிடைத்தது. ஒரு நாள் சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாமே, இன்னிக்கி நம்ம சேகரு வந்தான் கேட்டுக்கு. ஆபீசரு பக்கத்துல உக்காந்துகினு இருந்தாரு. நான் குனிஞ்சி, 'மச்சான், நல்லாக்கீறியா'ன்னு கேட்டேன். பாவம், கண்ணாடி ஏத்திகினு இருந்தான், கேக்கல போலக்கீது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதமும். கேட்டின் குறுக்குத் தடியைத் தூக்கி வழிவிட்டு, குனிந்து, மச்சான் என்று கூப்பிடுவார். அவன் நேராகப் பார்த்தபடி காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கடைசியில் அதைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிட்டார். நான் கேட்டால், "இன்னிக்கி அவன் வர்ல" என்பார்.

வேப்பம்பட்டில் நம் சித்தப்பா பேத்திக்குக் காது குத்தினார்களே, நீ மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் கேட்டேவிட்டேன். "ஏன்டா, மாமா கேட்டாண்ட கூப்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டியாமே? துரைக்கு அவ்ளோ கொழுப்பாயிடுச்சா?" அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தான். "ஐய, எக்கா! நீயே இப்டி கேக்கலாமா? நம்ம வேலை எப்டின்னு உனுக்குத் தெரியாது? தார் ஷீட்டு, ஃபெல்ட்டு கம்பளி எல்லாம் போட்டு ஏசி போட்டுகினு கண்ணாடிய ஏத்திட்டா, வெளிய இடி வுழுந்தாக்கூட உள்ள கேக்காது. மாமா கூப்டது எங்க கேக்கும்?" பந்தியே சிரித்தது. "பார்றா, அக்கா கத்துக் குடுத்த வேலை அக்காவுக்கே ஆப்பு வச்சிருச்சி" என்று ஒருத்தர் சொன்னார். உன் அப்பாவும் சிரித்தார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா? "அதான பாத்தேன்! நானும் அதத்தான் சொன்னேன் இவகிட்ட" என்றார். சாம்பாரை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகனே, இங்கேதான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். கதவில் ஒட்டுகிற தார் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. தகடு கத்தாமல் இருக்கும், மனுஷன் குரலை அது நிறுத்தாது. குரல் கண்ணாடி வழியாக வந்துவிடும். காருக்கு ரப்பர் எத்தனை போட்டாலும், ஒரு முழம் தள்ளி நின்று ஒருத்தன் மச்சான் என்று கூப்பிட்டால் உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும். காசு கொடுத்து வேலை செய்துகொள்கிற கஸ்டமர்கள் இதைத் தப்பாக நினைப்பதுண்டு. ஷீட் ஒட்டிவிட்டால் வெளிச் சத்தமே வராது என்று நம்பி வந்து சண்டை பிடிப்பார்கள். சேகருக்கு அது தெரியாதா? பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் தட்டித் தட்டி நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

இருந்தாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. தம்பி ஆயிற்றே. அந்தச் சந்தேகத்தை அவனே வந்து தீர்த்து வைத்தான். புதுக் கார் ஒன்று வாங்கி, தட்டில் பழம் வெற்றிலையோடு நம் வீட்டு வாசலில் நிறுத்தினான். "எக்கா, என் வண்டி கதவ நீதான் பண்ணணும். கடை ஆளுங்க கையில வுட மனசு வர்ல. என் கையும் இப்ப உள்ள பூராது" என்று தொப்பையைத் தட்டிச் சிரித்தான். என்ன நெஞ்சழுத்தம் பார். "ஓ, தாராளமா வுட்டுட்டுப் போடா" என்றேன். உண்மையாகவே நல்ல வேலை செய்தேன். என் ஜென்மத்தில் அப்படி ஒரு கதவு செய்ததில்லை. ஷீட், அதன் மேல் ஃபெல்ட், ரப்பர் பட்டை, அடித்துளை எல்லாம் சுத்தமாகத் திறந்து விட்டேன். சாத்தினால் வெண்ணெய் மாதிரி மூடியது. பிறகு நான் உள்ளே உட்கார்ந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, எஞ்சினையும் ஏசியையும் போட்டுக்கொண்டு, வேலி ஓரம் நின்ற உன் அப்பாவைக் கையால் கூப்பிட்டு, கேட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொன்னேன். அவருக்கு வெட்கம். "இன்னாமே இது வெளையாட்டு" என்றார். பிறகு குனிந்து, அந்தக் கம்பெனி வாசலில் எப்படிக் குனிவாரோ அப்படியே குனிந்து, மெதுவாக, "மச்சான், நல்லாக்கீறியா?" என்றார்.

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மச்சான் என்று சொல்லும்போது அவர் குரல் லேசாக இழுபடுவதுகூடக் கேட்டது. அவர் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசையாகப் பார்த்தார். நான் கதவைத் திறந்ததும், "இன்னாமே, கேட்டுச்சா?" என்றார். நான் என்ன சொல்வேன்? "ஒண்ணும் கேக்கலியே! வாய் அசையறதுதான் தெரிஞ்சிது" என்றேன். "பாத்தியா! நான் சொல்லல? நீ சும்மா அவன் மேல பாஞ்சிகினு இருந்த" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக டீ போட உள்ளே போனார். உன் அப்பா உன் மாமனை மன்னித்துவிட்டார் என்று நீ சொன்னாயே, அவர் மன்னித்தது என் வாயிலிருந்து வந்த அந்தப் பொய்யை நம்பித்தான். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. அவர் சாகும்வரை அதை நம்பிக்கொண்டிருக்கட்டும். சேகருக்காக நான் அதைச் சொல்லவில்லை.

அவர் டீ போட்டு முடிப்பதற்குள் நான் இன்னொரு காரியமும் செய்தேன். கதவின் கீல் பக்கம் தகடு இரண்டாக மடிந்து மூடின குழாய் மாதிரி இருக்கும், அதில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. உன் பழைய சைக்கிளின் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றை கிரீஸில் நன்றாகப் புரட்டி அதற்குள் தள்ளினேன். அங்கே என் கை மட்டும்தான் போகும். போனது போனதுதான், தகட்டை அறுத்தால் ஒழிய வெளியே வராது. கிரீஸ் இருக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. சேகர் வந்து கதவைச் சாத்திப் பார்த்து, "எக்கா, கை கைதான்!" என்று மெச்சிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். கத்திரி வெயிலில் கிரீஸ் காய்ந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! வளைவில் திரும்பினால் "டொக்", பிரேக் போட்டால் "டொக்", ஸ்பீடு பிரேக்கரில் "டொக்கு டொக்கு". கதவை எத்தனை தடவை பிரித்தானோ. கீலை மாற்றினான், லாக்கை மாற்றினான், கண்ணாடியை மாற்றினான். கதவுச் சத்தத்தை அடக்குவதே தொழிலாக உள்ளவனின் சொந்தக் கதவு ஆவடி பஜார் முழுக்கக் கேட்கும்படி டொக்கு டொக்கென்று போனது. "இன்னா அண்ணாத்தே, முதல்ல உன் வண்டிய ரிப்பேர் பண்ணு" என்று கஸ்டமர்களே கேலி செய்தார்களாம். என்னிடமே வந்து, "எக்கா, பேஜாராக்கீது, நீ கொஞ்சம் கைய வுட்டுப் பாரேன்" என்று நின்றான். பார்த்தேன். கையை விட்டு அந்தக் குண்டு இருந்த இடத்தைத் தடவியும் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா" என்றேன். நஷ்டத்துக்கு வண்டியை விற்றுத் தொலைத்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு ருசியாக இறங்கியது. பாவம் என்று நீ நினைக்கலாம். நான் நினைக்கவில்லை.

ஆனால் அது போதவில்லை. அவனுக்கு ஒரு வண்டி போனது, உன் அப்பாவுக்கு எவ்வளவு போனது! பேரைக் கெடுத்ததுகூடப் பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஆபீசர் உட்கார்ந்திருக்கிறார் என்று, தனக்காகப் பழியைச் சுமந்த மனுஷன் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே கேட்காதது போலப் போனானே, திரும்பத் திரும்பப் போனானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று ஆகிறது. நீயும் ஒரு நாள் ஆபீசராகலாம், கார் வாங்கலாம். புத்திமதி சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்னைக் கூப்பிடுகிறவன் காக்கிச் சட்டை போட்டிருந்தாலும், கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லிவிட்டுப் போ. இல்லையென்றால் நீ என் வயிற்றில் பிறந்ததாக யாரிடமும் சொல்லாதே.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். மாமனைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பத்திரிகை அவனுக்குத்தான். நானும் உன் அப்பாவும் தாம்பூலத் தட்டோடு போய் வைத்துவிட்டு வருவோம். அவன் பட்டு வேட்டி கட்டி, பெண்டாட்டிக்கு நகையெல்லாம் பூட்டி, சீர்த் தட்டும் பட்டமும் எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரட்டும். ஐயர், "தாய்மாமன் வாங்கோ" என்று கூப்பிடுவார். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பான். அதற்குள் நான் மேடையில் நிற்பேன். "சேகரு, நீ உக்காரு. நம்ம அம்மா ஊட்ல மூத்தவ நானு. மாமன் முறைய நானே செஞ்சிக்கிறேன்" என்று சொல்வேன். பட்டம் நான் செய்து வைத்திருக்கிறேன், உனக்கு எடுத்த வேட்டி சட்டையும் என் பெட்டியில் இருக்கிறது. பொம்பளை மாமன் பட்டம் கட்டுவதா என்று நாலு கிழங்கள் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். தாய்வீட்டுச் சீர் என்றால் அந்தத் தாய்வீட்டில் பிறந்தவள் நானும்தானே?

உன் அப்பா இதை என் ஆசை என்று நினைத்துச் சிரிப்பார். மற்றவர்கள் பைத்தியம் என்பார்கள். சேகருக்கு மட்டும் விளங்கும். ஏன் என்று அவனால் வாயைத் திறந்து கேட்க முடியாது. கேட்டால் நான் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டிவரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விருந்து முடிகிறவரை அவன் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். அந்த முகத்தை நன்றாகக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லி வீடியோக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கேசட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்க்கலாம்.

மேடை ஏற மாட்டேன் என்று சொன்னாய். இதைப் படித்த பிறகும் அதையே சொல்வதானால் சொல், உன் இஷ்டம். நீ சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் குனிந்து கொடு. உனக்கு உன் அப்பாவின் உயரம், எனக்கு எட்டாது. நான் முடிச்சுப் போட்டதும் நிமிர்ந்து, வேறு யாரையும் பார்க்காமல், முதலில் உன் அப்பாவைப் பார்த்துக் கும்பிடு. அவர், "இன்னாடா, எனக்கு எதுக்கு இப்ப?" என்று கேட்பார். சும்மாதான் என்று சொல்லிவிடு.

உன்னைப் பெற்றவள்